குதிப்பதற்கு முன்பே தொடங்கும் ஆபத்து: ஸ்கைடைவிங் விமானத்தில் ஏறுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2019-ல் அமெரிக்காவில் ஸ்கைடைவிங் குதிப்புகளில் 15 பேர் இறந்ததாக அந்நாட்டுப் பாராசூட் சங்கம் கணக்கு வெளியிட்டது. அதே ஆண்டு ஜூன் 21 மாலை, ஹவாயின் ஓவாஹு தீவிலுள்ள டில்லிங்ஹாம் விமானத் தளத்திலிருந்து குதிக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் கிளம்பியது. தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் அது விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். அந்த 15-ல் இவர்கள் கிடையாது. குதிக்கவே இல்லை என்பதால் விமான விபத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் முறை குதிக்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பாராசூட் திறக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. முதுகில் இரண்டாவது பாராசூட் இருக்கிறது. மயங்கிப் போனாலும் குறிப்பிட்ட உயரத்தில் அதைத் தானாகத் திறந்துவிடும் கருவி இருக்கிறது. ஆனால் விமானம் 300 அடியில் இருக்கும்போது எஞ்சின் நின்றால் இந்த இரண்டுமே உதவாது. அங்கே உங்களைக் காப்பது, நீங்கள் ஏறுவதற்கு முன்பு நடந்து முடிந்த காரியங்கள்தான்: விமானத்தை யார் பராமரித்தார்கள், எவ்வளவு எடை ஏற்றினார்கள், யார் ஓட்டுகிறார், நீங்கள் பெல்ட் போட்டீர்களா. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க விமானத்தைப் பற்றியது. துபாயிலோ நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ, ஹரியானாவின் நார்னோலிலோ, பயிற்றுநரோடு இணைந்து குதிக்கும் டேண்டம் குதிப்புக்குப் பணம் கட்டப் போகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியாகக் குதிக்கக் கற்பவர்களுக்கும் இதில் வேண்டியது இருக்கிறது.

இந்த விமானங்கள் எந்த வகையில் வேறு?

செஸ்னா 182, 206, கேரவன், பிலாட்டஸ் போர்ட்டர், ட்வின் ஆட்டர், கிங் ஏர். உலகம் முழுக்கக் குதிப்பு மையங்களில் பெரும்பாலும் இவற்றைத்தான் பார்க்கலாம். நியூசிலாந்தில் உருவான பிஏசி 750 மாதிரி சிலவற்றைத் தவிர, மற்றவை வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, தரையில் ஆட்களை நெருக்கி உட்கார வைத்து, பக்கவாட்டில் ஒரு பெரிய கதவைப் பொருத்தினால் குதிப்பு விமானம் தயார்.

அப்புறம், அது செய்யும் வேலையே விசித்திரமானது. முழு எடையோடு கிளம்பி, முழு சக்தியில் 10,000 முதல் 14,000 அடி வரை ஏறும். அங்கே வேகத்தைக் குறைத்துப் பறக்கும்போது, உள்ளே இருப்பவர்கள் எழுந்து ஒரே பக்கமாக நகர்வார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஏற்றிய எடையில் பெரும்பகுதி வெளியே போய்விடும். காலியான விமானம் வேகமாகக் கீழே இறங்கி, அடுத்த குழுவை ஏற்றும். நல்ல வானிலை இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இதே சுற்று காலையிலிருந்து மாலை வரை ஓயாமல் நடக்கும். எஞ்சினுக்கும் இறக்கைக்கும் விமானிக்கும் சேர்த்தே இது சுமை. எடையை மிச்சப்படுத்த எரிபொருளையும் குறைவாகவே நிரப்புவார்கள். எரிபொருள் தீர்ந்தே விழுந்த குதிப்பு விமானங்களும் உண்டு.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008-ல் இதைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கை வெளியிட்டது. 1980 முதல் அதுவரை நடந்த 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாக அதில் இருக்கிறது. வாரியம் கண்ட குறைகள் மூன்று: சரியாக நடக்காத பராமரிப்பும் சோதனையும், அடிப்படைகளில் தவறும் விமானிகள், போதாத அரசுக் கண்காணிப்பு. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து நடந்த ஹவாய் விபத்தின் விசாரணையிலும் அதே மூன்றும் வந்து நின்றன. எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபமே அதிகம்.

படி 1: சட்டம் எவ்வளவு தூரம் காக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பணம் கொடுத்து ஏறும் விமானம் என்றால் ஏர்லைன்ஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு கடுமையான விதிகள் இருக்கும் என்று நாம் நினைப்போம். அமெரிக்காவில் அப்படி இல்லை. கிளம்பிய தளத்திலிருந்து 25 மைலுக்குள், எங்கும் நிற்காமல் பறக்கும் குதிப்பு விமானங்களுக்கு, பயணிகளை ஏற்றும் வணிக நிறுவனங்கள் பெற வேண்டிய சான்றிதழ் தேவையில்லை. தனியார் ஒருவர் சொந்த விமானம் ஓட்டும்போது பொருந்தும் பொது விதிகளின் கீழேயே அவை பறக்கின்றன. விமானியிடம் வணிக உரிமம் இருக்க வேண்டும், 100 பறப்பு மணிக்கு ஒருமுறை சோதனை நடக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனால் அரசு ஆய்வாளர்கள் அடிக்கடி வந்து பார்க்கும் ஏற்பாடு பலவீனம்.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. அங்கே 2010 செப்டம்பர் 4-ல் ஃபாக்ஸ் கிளேசியரில் குதிப்பு விமானம் ஒன்று கிளம்பியவுடன் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சாகசப் பறத்தலுக்கென்று தனி விதித் தொகுப்பு வந்தது. நிறுவனங்கள் அதன்கீழ் சான்றிதழ் பெற்றாக வேண்டும். இந்தியாவில் என்றால் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆக, நீங்கள் போகும் நாட்டில் இது எந்த விதியின் கீழ் வருகிறது, அந்த நிறுவனத்துக்கு யார் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்பதை முன்பதிவு செய்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பாராசூட் சங்கத்தில் உறுப்பினர் என்று பதில் வந்தால், அது குதிப்புக்கான உத்தரவாதம் மட்டுமே. விமானத்தைப் பற்றி மறுபடியும் கேளுங்கள்.

படி 2: விமானத்தின் பழைய கதையைக் கேளுங்கள்

ஹவாயில் விழுந்தது 1967-ல் செய்யப்பட்ட கிங் ஏர். வயது மட்டும் குற்றமில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் ஐம்பது வயது விமானமும் நன்றாகப் பறக்கும். ஆனால் இந்த விமானத்துக்கு ஒரு கதை இருந்தது. 2016-ல் கலிஃபோர்னியாவின் பைரனில் இதே விமானம் 14 பேரை ஏற்றிக்கொண்டு மேலே போனபோது கட்டுப்பாடு இழந்து சுழன்றது. வாலின் ஒரு பக்கச் சிறகே பிய்ந்து போனது. குதிக்க வந்தவர்கள் குதித்துத் தப்பினார்கள், விமானி எப்படியோ தரையிறக்கினார். அதன்பின் பழுது பார்க்கப்பட்டு ஹவாய்க்குப் போனது. விசாரணையில் தெரிந்தது: இடது இறக்கை முறுக்கிக்கொண்டிருந்ததை யாரும் சரிசெய்யவில்லை. முறுக்கிய இறக்கை முன்னதாகவே தூக்கும் சக்தியை இழக்கும். அன்று மாலை விமானி முரட்டுத்தனமாக ஏற்றித் திருப்பியபோது, மன்னிக்கும் நிலையில் அந்த விமானம் இல்லை.

பின்லாந்தின் யாமியார்வியில் 2014 ஏப்ரல் 20-ல் நடந்தது இன்னொரு மாதிரி. உதிரி பாகங்களை வாங்கித் தனியார் பொருத்திய காம்ப் ஏர் 8 விமானம். வலது இறக்கையைத் தாங்கும் சட்டத்தில் உலோகச் சோர்வால் விரிசல் விழுந்திருந்தது. குதிக்கும் உயரத்தில் அந்தச் சட்டம் மடங்கியது, இறக்கையும் மடங்கியது. 11 பேரில் விமானியும் குதிப்பவர்கள் இருவரும் மட்டும் வெளியே வந்தார்கள், 8 பேர் இறந்தார்கள்.

எரிபொருளையும் இதிலேயே சேர்க்கிறேன். 1985 செப்டம்பர் 29-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஜென்கின்ஸ்பர்க்கில் ஒரு கேரவன் கிளம்பியதும் விழுந்து 17 பேர் இறந்தார்கள். 1992 ஏப்ரல் 22-ல் கலிஃபோர்னியாவின் பெரிஸ் வேலியில் ட்வின் ஆட்டர் விழுந்து 16 பேர். இரண்டிலும் எரிபொருளில் மாசு கலந்திருந்தது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணாடிக் குழாயில் பார்ப்பது ஒவ்வொரு விமானிக்கும் கற்றுத்தரப்படும் ஆரம்பப் பாடம். சில நிமிட வேலை.

சரி, பயணியாகிய நீங்கள் என்ன செய்ய முடியும்? இறக்கையின் முறுக்கை உங்கள் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சில கேள்விகள் கேட்கலாம்:

- விமானத்தின் பதிவு எண் என்ன? பெரும்பாலான நாடுகளில் விபத்து விசாரணை அறிக்கைகள் பொதுவில் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் தேடினாலே பழைய விபத்து இருந்தால் தெரிந்துவிடும். இவ்வளவு எளிதான சோதனை வேறில்லை.
- பராமரிப்பை யார் செய்கிறார்கள்? கடைசிச் சோதனை எப்போது நடந்தது?
- எரிபொருளை எங்கே வைத்திருக்கிறார்கள்? தினமும் யார் சோதிக்கிறார்கள்?

பதிலின் உள்ளடக்கத்தைவிடக் கேட்டதும் முகம் எப்படி மாறுகிறது என்பது எனக்கு முக்கியம். நல்ல மையத்தில் இதைக் கேட்டால் சந்தோஷமாக ஹேங்கருக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்ற பதில் வந்தால் யோசியுங்கள்.

படி 3: எடை, அதிலும் பின்பாரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டு வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்து இறுகும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். விமானத்துக்கும் இதே கணக்குதான். மொத்த எடை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. எடையின் மையம் இறக்கையை ஒட்டிய ஒரு சிறிய எல்லைக்குள் இருக்க வேண்டும். அது பின்னால் போகப் போக மூக்கு தானாக மேலே தூக்கப் பார்க்கும், விமானி லேசாக இழுத்தாலே விமானம் அதிகமாகத் திரும்பும். மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையின் மேல் காற்று வழுக்காமல் பிரிந்து, தூக்கும் சக்தி சட்டென்று போய்விடும். இதைத்தான் ஸ்டால் என்பார்கள். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதே ஸ்டால் ஆகும். மீள வேண்டுமானால் மூக்கைத் தாழ்த்த வேண்டும். பின்பாரம் எல்லை மீறியிருந்தால் அந்த மூக்கு தாழ மறுக்கும்.

குதிப்பு விமானத்தின் கதவு பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது. இருக்கை இல்லாததால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று விமானமே நிர்ணயிப்பதில்லை. ஃபாக்ஸ் கிளேசியரில் விழுந்தது வயலுக்கு உரம் தூவச் செய்யப்பட்ட விமானத்தை மாற்றியமைத்தது. அன்று அதன் எடை மையம் பின் எல்லைக்கு அப்பால் இருந்தது என்று விசாரணை கணக்கிட்டது. ஹவாயிலும் மையம் பின் எல்லைக்கு அருகில் இருந்தது. ஸ்வீடனின் ஊமியோவில் 2019 ஜூலை 14-ல் கிப்ஸ்ஏரோ ஏர்வேன் 4,000 மீட்டரை நெருங்கும்போது கட்டுப்பாடு இழந்தது. பின்பாரம், குறைந்த வேகம், மேகத்துக்குள் பறந்த விமானிக்கு ஏறிய வேலைச்சுமை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. விழும் வேகத்தில் இறக்கை முறிந்தது. உள்ளே இருந்த 8 குதிப்பவர்களிடமும் பாராசூட் இருந்தது. அவ்வளவு உயரமும் இருந்தது. ஆனாலும் சுழலும் விமானத்துக்குள் உடலை அழுத்திய விசையில் ஒருவராலும் வெளியேற முடியவில்லை. விமானியோடு சேர்த்து 9 பேர் இறந்தார்கள். "முதுகில் பாராசூட் இருக்கிறதே, விமானம் பழுதானால் குதித்துவிடலாம்" என்று யாராவது சமாதானம் சொன்னால், இந்த விபத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை எளிமையானவை. பதிவு செய்யும்போது உண்மையான எடையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஐந்தாறு கிலோ குறைத்துச் சொல்வது நம்மில் பலருக்குப் பழக்கம். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் ஒரு ஆளின் எடை கணக்கில் வராமல் விமானத்தில் ஏறிவிடுகிறது. தராசில் நிறுத்தி எழுதிக்கொள்ளும் மையம் நல்ல மையம். தராசே இல்லாத இடத்தில் நான் ஏறமாட்டேன்.

உள்ளே உங்களை எங்கே உட்கார வைக்கிறார்களோ அங்கேயே இருங்கள். நண்பரோடு படம் எடுக்க இடம் மாறாதீர்கள். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பின்னால் சரிவார்கள். கிளம்பும் நேரத்தில் எல்லோரும் முன்னால் நெருங்கி உட்காரச் சொல்வதும், பெல்ட் போடச் சொல்வதும் இதற்காகவும்தான்.

வெயில் நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். சூடான காற்று லேசானது, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அதில் பலம் குறைவு. காலையில் சுலபமாகத் தூக்கிய அதே எடையைப் பிற்பகலில் தூக்க ஓடுபாதை அதிகம் வேண்டும். அப்படிப்பட்ட நாளில் "இந்தச் சுற்றில் ஒரு ஆளைக் குறைக்கிறோம்" என்று சொல்லி உங்களை அடுத்த சுற்றுக்குத் தள்ளினால் சண்டை போடாமல் நன்றி சொல்லுங்கள்.

படி 4: ஓட்டுபவர் யார்?

பெரிய விமான நிறுவனங்களில் சேரப் பறப்பு மணிகள் தேவை. அந்த மணிகளைச் சேர்க்க இளம் விமானிகள் பலர் வரும் இடங்களில் குதிப்பு விமானமும் ஒன்று. அதில் தவறில்லை, அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உரிமம் வைத்திருப்பதும் இந்தக் குறிப்பிட்ட வேலையில் பயிற்சி பெற்றிருப்பதும் ஒன்றல்ல. பின்பாரத்தோடு மெதுவாகப் பறக்கும்போது விமானம் எப்படி நடந்துகொள்ளும், கதவருகே ஐந்து பேர் நிற்கும்போது என்ன ஆகும் என்பதெல்லாம் சாதாரணப் பயிற்சியில் வராது.

ஒரே நாளில் பல சுற்றுகள் பறக்கும்போது வரும் சோர்வும் அவசரமும் இன்னொரு பிரச்சினை. ஸ்வீடனிலேயே ஊமியோவுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை 8-ல் ஓரெப்ரோவில் டர்போ பீவர் விமானம் கிளம்பியதும் விழுந்து 9 பேர் இறந்தார்கள். மூக்கின் நிலையைச் சமன்செய்யும் டிரிம் அமைப்பு, கிளம்புவதற்கான நிலைக்கு மாற்றப்படவில்லை. ஒவ்வொரு முறையும் சோதனைப் பட்டியலை வாசித்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான். பெரிஸ் வேலியிலும் ஒரு எஞ்சின் நின்றபோது விமானி நல்ல எஞ்சினின் விசிறியை நிறுத்திவிட்டார். இரண்டு எஞ்சின் இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாதது இதனால்தான்: ஒன்று நின்றவுடன் சில நொடிகளில் சரியானதைச் செய்யத் தெரிந்த விமானி இருந்தால்தான் இரண்டாவது எஞ்சினுக்குப் பயன்.

விமானிக்கு இந்த வகை விமானத்தில் எவ்வளவு அனுபவம், குதிப்புப் பறத்தலுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறீர்களா, அவரும் அவசரப் பாராசூட் அணிகிறாரா என்று கேளுங்கள். உங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது முந்தைய சுற்றுகள் கிளம்புவதைப் பாருங்கள். தரையை விட்டவுடன் செங்குத்தாக ஏற்றுவது, தாழப் பறந்து கூட்டத்துக்கு வித்தை காட்டுவது, இவை தென்பட்டால் கைதட்டாதீர்கள். ஹவாய் விபத்தின் முதற்காரணமாக வாரியம் குறிப்பிட்டது, கிளம்பும்போது விமானி செய்த முரட்டுத்தனமான அந்த ஏற்றத்தைத்தான். பெல்ஜியத்தின் ஜெல்ப்ரெஸேயில் 2013 அக்டோபர் 19-ல் பிலாட்டஸ் போர்ட்டரின் இறக்கை வானில் முறிந்து 11 பேர் இறந்ததும், அந்த விமானம் தாங்க முடியாத அசைவுகளுக்கு ஆளானதால்தான்.

படி 5: ஏறும்போது

குதிப்பு மையங்களில் நேரத்தை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்தாமலே ஆட்களை ஏற்றுவார்கள். சுற்றும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. இறக்கைக்குப் பின்னாலிருந்து, பயிற்றுநர் காட்டும் வழியில் மட்டும் நடங்கள். விமானத்தின் முன்பக்கமாக எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். தொப்பி பறந்தாலும் விடுங்கள், துரத்தாதீர்கள்.

படி 6: பெல்ட்

தரையில் உட்கார்ந்திருப்பதால் பெல்ட் சம்பிரதாயம் மாதிரி தெரியும். அப்படி நினைக்காதீர்கள். 2006 ஜூலை 29-ல் மிசௌரி மாநிலத்து சல்லிவனில் ட்வின் ஆட்டர் ஒன்று எஞ்சின் கோளாறால் விழுந்து, இருந்த 8 பேரில் 6 பேர் இறந்தார்கள். நல்ல பெல்ட் அமைப்பு இல்லாததும் காயங்களுக்குக் காரணம் என்று விசாரணை சொன்னது. விமானம் தரையில் மோதும்போது கட்டப்படாத உடல் முன்னால் பறந்து, முன்னே இருப்பவர்மேல் விழும். பின்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் நீங்கள் போட்டிருந்தும் பலனில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவரையும் பாருங்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

ஒரே இடத்தில் கொக்கி மாட்டும் பெல்ட்டில் உடல் ஊஞ்சல் மாதிரி ஆடும். இடுப்பின் இரண்டு பக்கமும் பிடிக்கும் அமைப்பு அதைவிட நல்லது என்று அமெரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டின. 2014 மார்ச் 22-ல் ஆஸ்திரேலியாவின் கபூல்சரில் செஸ்னா 206 விழுந்து 5 பேர் இறந்த பிறகு, ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பும் இதையே வலியுறுத்தியது. அந்த விபத்தில் விமானியின் இருக்கை பின்னால் வழுக்கியிருக்கலாம் என்ற சாத்தியமும் ஆராயப்பட்டது. விமானியின் இருக்கை வழுக்காமல் தடுக்க இரண்டாவது பூட்டு பொருத்தியிருக்கிறார்களா என்பது செஸ்னா வைத்திருக்கும் மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

பெல்ட்டை, உங்கள் உடலில் மாட்டிய பட்டைகளான ஹார்னஸின் வழியாகக் கோத்து மாட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட், கேமரா எல்லாம் உடலோடு கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதலில் அவை கல்லாகப் பறக்கும். பொதுவாக 1,500 அடி தாண்டிய பிறகே பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். ஒருவேளை குதிக்காமல் விமானத்திலேயே இறங்க நேர்ந்தால், மறுபடியும் மாட்டுங்கள். பலர் மறக்கும் இடம் இது.

படி 7: ஏறும் நேரத்தில் ஏதாவது ஆனால்

கிளம்புவதற்கு முன்பே பயிற்றுநரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "எந்த உயரத்தில் எஞ்சின் நின்றால் நாம் என்ன செய்வோம்?" மையத்துக்கு மையம், விமானத்துக்கு விமானம் எண்கள் மாறும். ஆனால் பொதுவான போக்கு இதுதான்:

- சுமார் 1,000 அடிக்குக் கீழே: யாரும் குதிக்கக்கூடாது. விமானத்தோடு தரையிறங்க வேண்டும். பெல்ட்டை இறுக்கி, தலையைக் கைகளால் தாங்கி, பயிற்றுநர் சொல்லும் நிலையில் இருங்கள்.
- அதற்கு மேல், நடு உயரத்தில்: விமானி அனுமதித்தால் அனுபவமுள்ளவர்கள் வெளியேறி உடனே ரிசர்வ் எனப்படும் இரண்டாவது பாராசூட்டைத் திறக்கலாம். டேண்டம் ஜோடிக்கு அதிக உயரம் தேவை.
- போதுமான உயரத்தில்: வழக்கம்போலக் குதிக்கலாம்.

முடிவெடுப்பவர் விமானி. யாராவது பயந்து கதவை நோக்கி ஓடினால் பின்பாரம் கூடிவிடும், அதனால் என்ன ஆகும் என்று மூன்றாவது படியிலேயே பார்த்தோம்.

டேண்டம் குதிப்பவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: பயிற்றுநரோடு உங்களை எந்த உயரத்தில் கொக்கி மாட்டுவார்கள்? இணைக்கப்படாதவரை நீங்கள் பாராசூட் இல்லாத பயணி. சீக்கிரம் மாட்டுவது நல்லது.

தனியாகக் குதிக்கக் கற்பவர்கள் கவனிக்க வேண்டியது தானியங்கிக் கருவி. பரவலாகப் பயன்படும் சைப்ரஸ் கருவியின் அனுபவசாலிகளுக்கான வகை நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழும்போது செயல்படும். மாணவர்களுக்கான வகை நொடிக்கு 13 மீட்டர் வேகத்திலேயே செயல்பட்டுவிடும். குதிக்காமல் விமானத்தோடு வேகமாக இறங்கினால், விமானத்துக்குள்ளேயே அது ரிசர்வைத் திறந்துவிடக்கூடும். கதவு திறந்திருந்தால் அந்தத் துணி வெளியே போய் வாலில் சிக்கும், கூடவே உங்களையும் இழுக்கும். ஆகவே விமானத்தோடு இறங்குவதாக முடிவானால் விமானிக்கு உடனே சொல்ல வேண்டும், அவர் மெதுவாக இறக்க வேண்டும், கதவை மூட வேண்டும்.

படி 8: கதவு திறந்த பிறகு

2025 செப்டம்பர் 20, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டல்லி. ஒரு கேரவன் 17 பேரோடு 15,000 அடிக்குப் போயிருந்தது, 16 பேர் வானில் கைகோத்து வடிவம் அமைக்கும் திட்டம். முதலில் வெளியே ஏறியவரின் ரிசர்வ் கைப்பிடி, இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் பலகையான ஃபிளாப்பில் மாட்டியது. ரிசர்வ் திறந்து, அவரைப் பின்னுக்கு இழுத்தது. கால்கள் வால் சிறகில் அடித்தன, பாராசூட் வாலில் சுற்றிக்கொண்டது, அவர் விமானத்துக்குக் கீழே தொங்கினார். விமானம் சட்டென்று வேகம் இழந்ததால் ஸ்டால் என்று நினைத்த விமானி மூக்கைத் தாழ்த்தி, சக்தியைக் கூட்டினார். ஆள் தொங்குவதாகப் பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள், உடனே சக்தியைக் குறைத்தார்.

தொங்கியவரிடம் ஒரு சிறிய கொக்கிக் கத்தி இருந்தது. அதனால் 11 கயிறுகளை அறுத்து விடுபட்டார். முதன்மைப் பாராசூட்டைத் திறந்து சிறு காயங்களோடு இறங்கினார். வால் சேதமடைந்த விமானத்தை, தேவைப்பட்டால் தானும் குதிக்கத் தயாராக இருந்த விமானி, பத்திரமாக டல்லியில் இறக்கினார். அந்தக் கத்தியை எடுத்துப் போகச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. விமானத்தின் எடையும் சமநிலையும் எல்லைக்குள் இருப்பதை விமானியும் நிறுவனமும் உறுதிசெய்யவில்லை என்றும் விசாரணை கண்டது, ஆனால் விபத்துக்கு அது காரணமல்ல.

டேண்டம் பயணிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள: கதவருகே நகரும்போது எதையும் பிடிக்காதீர்கள். கைகளைப் பயிற்றுநர் சொன்ன இடத்தில், பெரும்பாலும் மார்பில் கட்டியபடி வையுங்கள். நீங்கள் பிடிப்பது கதவு விளிம்பாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருப்பவரின் கைப்பிடியாகவும் இருக்கலாம். தனியாகக் குதிப்பவர்கள் கதவு திறக்கும் முன் கைப்பிடிகளையும் பாராசூட் பையைப் பூட்டும் பின்களையும் ஒருமுறை தடவிப் பாருங்கள், ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கிக் கத்தி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

பின்பாரத்தின் கணக்கு இங்கேயும் வருகிறது. குதிக்கும் நேரத்தில் விமானம் மெதுவாகப் பறக்கும். வெளியே தொங்குபவர்கள் காற்றைத் தடுப்பார்கள், உள்ளே மற்றவர்கள் கதவை நோக்கி நெருங்குவார்கள். விமானம் ஸ்டால் ஆக இதைவிடத் தோதான சூழல் இல்லை. அதனால் ஒரே நேரத்தில் கதவருகே எத்தனை பேர் நிற்கலாம் என்று விமானத்துக்கு ஒரு வரம்பு இருக்கும். விமானி "முன்னால் வாருங்கள்" என்று கத்தினால் அந்த நொடியே நகருங்கள். குழுவாகக் குதிப்பவர்கள் இந்த எண்ணைக் கிளம்பும் முன்பே விமானியிடம் பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டு விமானங்கள் அருகருகே பறந்து குதிப்பவர்களை இறக்கும் முறையும் உண்டு. 2013 நவம்பர் 2-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சுப்பீரியர் நகருக்கு அருகே அப்படிப் பறந்த இரண்டு செஸ்னாக்கள் மோதி, ஒன்றின் இறக்கை போனது. 9 குதிப்பவர்களும் தப்பினார்கள். இறக்கை இழந்த விமானத்தின் விமானி அவசரப் பாராசூட் அணிந்திருந்ததால் பிழைத்தார். மற்றவர் விமானத்தை இறக்கினார். முதல் முறை குதிப்பவர்கள் இப்படிப்பட்ட பறத்தலில் சேர வேண்டாம்.

படி 9: இறங்கிய பிறகு

பாராசூட் திறந்ததும் விமானத்தை மறந்துவிடுவோம். ஆனால் அது உங்களுக்கு முன்பே கீழே வந்துவிடும். ஒரு நொடிக் கவனக்குறைவால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 ஜூலை 27-ல் பிரான்ஸின் பூலோக்கில் நடந்தது சாட்சி: கைகால்களுக்கு இடையே துணி விரியும் சிறகு உடை அணிந்து குதித்த ஒருவரை, அவரை ஏற்றிப்போன அதே பிலாட்டஸ் இறங்கும்போது இறக்கையால் அடித்தது, அவர் இறந்தார். சிறகு உடையில் குதிப்பவர்கள் தாங்கள் போகும் திசையை விமானியிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் எந்தப் பக்கம் இறங்குவார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டேண்டம் பயணிக்கு மிச்சம் இருப்பது நடைதான். தரையிறங்கிய மகிழ்ச்சியில், துணியை அள்ளிக்கொண்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டே நடப்போம். ஓடுபாதையைக் குறுக்கே கடக்காதீர்கள். கடந்தே ஆக வேண்டும் என்றால் பயிற்றுநரோடு நின்று, இரண்டு பக்கமும் வானத்தையும் பார்த்துவிட்டுக் கடங்கள். அடுத்த குழு ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தின் அருகே குடும்பத்தார் படம் எடுக்க வந்தால், குழந்தைகளைக் கையில் பிடித்து வேலிக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொல்லுங்கள். விசிறி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.